இலை கறுத்தால் மேலே பார்க்கணும்

செடிக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு, பெசன்ட் நகர் என்று தென்சென்னைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பவன். எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம், "இலையெல்லாம் கறுத்துப்போச்சு" என்பதுதான். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, கறிவேப்பிலை, எலுமிச்சை, எதுவாகவும் இருக்கும். இலையின் மேல்பக்கம் முழுக்கக் கறுப்புப் படலம். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரலோடு வந்துவிடும், அடியில் இலை பச்சையாகவே இருக்கும். அப்படி வந்துவிட்டால் செடி பிழைத்துக்கொள்ளும் என்று அங்கேயே சொல்லிவிடுவேன்.

அந்தக் கறுப்பு ஒரு பூசணம். ஆனால் இலைக்குள் இறங்காது, மேலே சிந்தியிருக்கும் இனிப்பைத் தின்று வளரும். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி, செதில்பூச்சி எல்லாம் ஊசி வாயால் செடியின் சாற்றை உறிஞ்சுகிறவை. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதம் சொற்பம். தேவையான புரதத்துக்காக அவை ஓயாமல் குடிக்கின்றன, மிஞ்சிய சர்க்கரையை ஓயாமல் கழிக்கின்றன. பிசுபிசுவென்று அது கீழ் இலைகளில் விழுகிறது. காற்றில் எப்போதும் மிதக்கும் கரும்பூசண வித்துகள் அதில் முளைக்கின்றன. வெயில் இலைக்குப் போய்ச் சேராததால் செடி சோர்ந்து போகிறது, மொட்டு குறைகிறது. கறுப்பைக் கண்டதும் கடைக்கு ஓடிப் பூஞ்சைக்கொல்லி வாங்கி அடிக்கிறவர்கள் உண்டு. மேலிருந்து சர்க்கரை கொட்டிக்கொண்டே இருக்கும்வரை எத்தனை முறை அடித்தாலும் கறுப்பு திரும்ப வரும்.

அதனால் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். பிறகு இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என் பெரியப்பா. அடையாறு காந்தி நகரில் பெரிய பங்களா ஒன்றில் தோட்டக்காரராக இருந்தார். மருந்து டின்னைத் தொடவே விடமாட்டார். "எலையைத் திருப்புடா. திருப்பிட்டு அப்புறம் பேசு" என்பார். கதீட்ரல் சாலையில் 1835 முதல் இயங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்துக்கு நாற்று வாங்கப் போகும்போதும் அதே கதைதான். வாங்கப்போகும் செடியின் ஒவ்வொரு கிளையையும் தூக்கி, இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுப்பார். நோய் பெரும்பாலும் நர்சரித் தொட்டியில் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு தனி வீடு. கோடைக்கு முந்தைய நாட்கள். மாமி வாசலிலேயே நின்றிருந்தார். "ஏம்ப்பா, பாரேன், கரி அப்பின மாதிரி இருக்கு. தெனம் ஈரத்துணியால தொடைக்கறேன். மறுநாள் பாத்தா திரும்பவும் அப்படியே. பக்கத்தாத்துல செருப்புக் கால் வெச்சா ஒட்டறதுங்கறா" என்றார். செம்பருத்தி மட்டுமல்ல, கிணற்று மேடை, காம்பவுண்டுச் சுவர், துணி காயும் கொடி எல்லாமே கறுத்திருந்தன. மேலே இரண்டு தென்னை. தோட்டியால் ஒரு கீழ் மட்டையை இழுத்துக் காட்டினேன். ஓலையின் அடியில் வெள்ளை மெழுகுக் கோடுகள் சுருள் சுருளாக இருந்தன. அதற்குள் முட்டைகள், பக்கத்தில் மெழுகு மூடிய குஞ்சுகள், நடுநடுவே இரண்டு மில்லிமீட்டர் அளவில் சோம்பலாக உட்கார்ந்திருந்த வெள்ளை ஈக்கள். "மாமி, செம்பருத்திக்கு ஒண்ணுமில்லை. தென்னையிலேர்ந்துதான் கொட்டுது" என்றதும், "அப்போ இத்தனை நாளா செம்பருத்திக்கு மருந்து அடிச்சதெல்லாம்?" என்று கேட்டார். வீணென்று சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அந்த ஈ இந்த மண்ணுடையது இல்லை. 1993இல் கேரளத்தில் ஒரு சுருள் வெள்ளை ஈ கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நம் கொய்யா மரங்களில் அதைத்தான் பார்த்தோம். தென்னையில் இப்போது இருப்பது வேறு வகை, ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. 2009இல் ஃபுளோரிடாவில் தலைகாட்டியது, 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து சேர்ந்தது. அங்கிருந்து தென்னந்தோப்புகளெல்லாம் பரவி, சென்னையில் வீட்டுக்கு ஒன்று இரண்டாக நிற்கும் தென்னைகளையும் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்து நகரத்தின் மரங்களைச் சாய்த்தது. தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் விழுந்த தெருக்களிலும் தென்னைகள் பல தப்பின. அதற்கடுத்த கோடைகளில் அவற்றின் கீழே இருந்த செடிகளையும் கார்களையும் கறுப்பு மூடியது.

மாமி வீட்டில் செய்த வைத்தியம் கஞ்சி. இதை என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று யாராவது பாராட்டினால் உடனே மறுத்துவிடுவேன். தென்னையில் படியும் கரும்பூசணத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் முறை இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா. கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்க வைத்து, பசையானதும் மீதித் தண்ணீரைச் சேர்த்து ஆறவிட வேண்டும். மெல்லிய வேட்டித் துணியில் கட்டாயம் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ப்ரேயரின் மூக்கு அடைத்துக்கொண்டு பாதி நாள் அதிலேயே போய்விடும். நல்ல வெயில் நாளில் காலையில் இலை முழுக்க நனையும்படி அடிப்பேன். கஞ்சி காயும்போது சுருங்கும். சுருங்கும்போது தன்னோடு ஒட்டிய கறுப்பையும் இலையிலிருந்து பிய்த்துக்கொண்டு எழும்பும். மறுநாள் மத்தியானம் மாமி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செம்பருத்தி இலைகளின் ஓரத்திலிருந்து கறுப்பு ஏடு ஏடாகச் சுருண்டு நின்றது. கிளையைத் தட்டியதும் உதிர்ந்தது, அடியில் இலை பளபளத்தது. வடித்த கஞ்சியை வீணாக்காத வீடுகளில் அரிசிக் கஞ்சியையே நீர்க்கக் கரைத்து அடிக்கச் சொல்வேன். அதுவும் வேலை செய்யும், ஆனால் உப்புப் போடாத கஞ்சியாக இருக்க வேண்டும்.

கஞ்சி கறுப்பை எடுக்கும், ஈயை எடுக்காது. தென்னைக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது மாமியின் பிள்ளை "மருந்து ஊசி போட ஆள் இருக்காங்களாமே சார், தண்டுல துளை போட்டு?" என்றார். வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். இளநீர் குடிக்கிற மரம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவருக்கு லென்ஸில் காட்டினேன். அதே ஓலையின் அடியில் ஈக்குஞ்சுகளில் சில வெளிறிய மஞ்சளாக இருந்தன, சில கறுத்திருந்தன. கறுத்தவற்றுக்குள் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பூச்சி. ஈக்குஞ்சின் உள்ளே முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று, முதுகில் வட்டமாக ஒரு துளை போட்டு வெளியேறும். அந்தத் துளைகளும் லென்ஸில் தெரிந்தன. பொள்ளாச்சித் தோப்புகளில் ஈயை மட்டுப்படுத்த நம்பியிருப்பது பெரும்பாலும் இந்தக் குளவியைத்தான். ஒட்டுண்ணி இருக்கும் ஓலைத் துண்டுகளை இல்லாத தோப்புகளுக்கு எடுத்துப் போய்க் கட்டுகிறார்கள். கடும் விஷம் அடித்தால் முதலில் சாவது குளவி. ஈயில் தப்பியவை எதிரியில்லாமல் பெருகும்.

இந்தக் கறுத்த குஞ்சை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டவர்கள் அதன்பின் மருந்துக்கு அவசரப்படுவதில்லை. அதனால்தான் லென்ஸ் இல்லாமல் நான் எந்த வீட்டுக்கும் போவதில்லை.

மாவுப்பூச்சிக்கும் இதே கணக்குதான். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இரண்டே ஆண்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழக விவசாயிகளைக் கதற வைத்தது. சென்னையில் வீட்டுச் செம்பருத்தியையும் பப்பாளியையும் வெட்டி எறிந்தவர்கள் எத்தனையோ பேர். என்ன அடித்தாலும் மெழுகுப் போர்வைக்குள் மருந்து இறங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியைத் தருவித்தார்கள். பெங்களூரின் தேசியப் பூச்சி வள நிறுவனமும் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கி மாவட்டம் மாவட்டமாக விட்டன. ஓரிரு பருவத்தில் அந்தப் பூச்சி அடங்கிப்போனது. என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய வைத்தியம் அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவி செய்த காரியத்துக்கு நம் ஊரில் யாரும் விழா எடுக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தி.நகரில் பனகல் பார்க்குக்குப் பின்புறத் தெரு ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பின் வேலியோரம் நீளமாகச் செம்பருத்தி. குருத்துகள் எல்லாம் சுருண்டு முடிச்சாகிக் கிடந்தன. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி கடித்தால் அப்படித்தான் ஆகும், அதன் எச்சிலே குருத்தைத் திரிக்கும். சங்கச் செயலாளர் அவசரமாக இருந்தார். "ஸ்ட்ராங்கா ஏதாவது அடிச்சு முடிச்சுடுங்க. இதோ, இந்தப் பெரிய பூச்சிங்களே ஓடுது பாருங்க" என்று ஒரு கிளையைக் காட்டினார். வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, அரை அங்குல நீளத்துக்கு ஏதோ சுறுசுறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் நசுக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இலேயே காபித் தோட்டங்களுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சியைத் தின்று வாழ்கிறது, மாவுப்பூச்சியின் வேஷத்தையே போட்டுக்கொண்டிருக்கிறது. அடையாளம் சுலபம்: மாவுப்பூச்சி சிறியது, தொட்டாலும் மெல்லத்தான் நகரும். இது அதைவிடப் பல மடங்கு பெரியது, வேகமாக ஓடும், மெழுகு இழைகள் நீளம். வளர்ந்த வண்டு கறுப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு. செயலாளரை உட்கார வைத்து லென்ஸைக் கொடுத்தேன். ஒரு புழு மாவுப்பூச்சியின் முட்டைப் பையைக் கிழித்து உள்ளே தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்தார். "இதை எங்க சார் வாங்கறது?" என்று கேட்டார். ஆய்வுக்கூடங்களில் வளர்த்துக் கொடுக்கிறார்கள், ஆனால் உங்களிடம் இலவசமாகவே வந்திருக்கிறது என்றேன்.

அங்கே செய்த வேலை இவ்வளவுதான்: முடிச்சு விழுந்த குருத்துகளை வெட்டி, பொறிவண்டுப் புழு இருந்த கிளைகளை மட்டும் விட்டு, மற்றதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டோம். குப்பைமேட்டில் வீசினால் குஞ்சுகள் நடந்தே திரும்பிவரும். பிறகு எறும்பு. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இனிப்புக்காக எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கின்றன, பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகின்றன. தண்டில் ஏறும் எறும்பு வரிசையைத் துண்டித்தால் பாதி வைத்தியம் முடிந்தது. அடித்தண்டில் துணிப்பட்டி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுவேன். சுவரையோ கம்பியையோ தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகளை வெட்டிவிடுவேன், அதுதான் எறும்புக்குப் பாலம். மிச்சமிருந்த மாவுப்பூச்சிகளைக் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம்.

அப்புறம்தான் வேப்பெண்ணெய். வேப்பெண்ணெய் அடித்தும் பலனில்லை என்று சொல்கிற வீடுகளில் எல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறேன், எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றியிருப்பார்கள். அது மேலே மிதக்கும். முதல் செடிக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய். கடைசிச் செடி கருகும். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய் எடுத்து, முதலில் அதில் காதி சோப்புக் கரைசலை விட்டுக் கலக்க வேண்டும். பாலாக வெளுத்த பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சோப்புப் பிடிக்காதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை கிடைக்கும், ஊறவைத்துப் பிசைந்தால் அதே நுரை. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமாக அடிக்க வேண்டும். கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் நண்பகலில் அடித்தால் இலை வெந்துபோகும். ஒருமுறை அடித்து ஓயக் கூடாது, வாரம் ஒன்றாக மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும், ஏனென்றால் முட்டைக்கு வேப்பெண்ணெய் பெரிதாக உறைப்பதில்லை.

கறிவேப்பிலைக்கு மட்டும் எதையும் அடிக்கச் சம்மதிக்க மாட்டேன். அது நேராகக் குழம்புக்குப் போகிற இலை. கொழுந்தில் பறவை எச்சத்தின் தோற்றத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புழுக்கள் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி குடும்பத்தைச் சேர்ந்தவை. கையால் எடுத்துப் பக்கத்து எலுமிச்சையின் முற்றிய கிளையில் விட்டால் போதும். முன்பெல்லாம் வீடுகளில் எறும்புக்கும் மூட்டைக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரே டைக்ளோர்வாஸ் பாட்டில் இருக்கும். 2020 டிசம்பர் 31உடன் அதற்குத் தடை வந்தது. பழைய பாட்டிலைப் படிக்கட்டுக்கு அடியில் இன்னும் வைத்திருக்கிறவர்கள் உண்டு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் செடியிடம் போவேன்.

இன்னொரு குடியிருப்பில் கொசுவுக்காக மாதாமாதம் ஆள் வைத்துச் செடிகளின் மேல் புகையடித்தார்கள். கொசு குறைந்ததோ என்னவோ, பொறிவண்டு அற்றுப்போய் நந்தியாவட்டை முழுக்க மாவுப்பூச்சி ஏறியது. புகையைச் சாக்கடை ஓரத்தோடு நிறுத்தச் சொல்லி, அந்தச் சங்கத்தோடு நான் வாதாடிய வாதம் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லா மஞ்சளும் எல்லாப் புள்ளியும் பூச்சி இல்லை. தி.நகரில் இட்லிப்பூவின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணைத் தோண்டிப் பார்ப்பேன். இடித்துக் கட்டிய வீடுகளில் ஒரு சாண் கீழே சிமென்ட்டும் செங்கல் தூளும்தான் இருக்கும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து இலைவழியாகக் கொடுப்பேன், வேர்ப்பகுதியில் மக்கிய எருவைச் சேர்ப்பேன். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பால்கனிகளில் இலை ஓரம் கருகுவது உப்புக்காற்றால். வாரத்தில் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் இலையைக் கழுவினால் தீரும்.

உண்மையான இலைப்பூசண நோய்கள் அடையாற்றில் அதிகம் தொல்லை கொடுப்பது ரோஜாவுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரும்புள்ளி. அந்த வித்து முளைக்க இலை தொடர்ச்சியாக ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மழையை நிறுத்த முடியாது, ஆனால் சாயங்காலம் ஹோஸைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டும் பழக்கத்தை நிறுத்தலாம். அடையாற்றுப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தினமும் ஆறு மணிக்கு அப்படித்தான் ஊற்றினார். ராத்திரி முழுக்க இலை ஈரம். காலையில் வேருக்கு மட்டும் ஊற்றச் சொன்னேன். புள்ளி விழுந்த இலைகளைத் தரையிலிருந்தும் பொறுக்கி எடுக்கச் செய்தேன். கிளைகளுக்கு நடுவே காற்று போகும்படி கவாத்து செய்தேன். மருந்தே தேவைப்படவில்லை. மார்கழி, தையில் வரும் சாம்பல் நோய் வேறு. இலையில் வெள்ளைப் பொடி படியும், அதற்கு ஈரம் தேவையில்லை, குளிர்ந்த இரவும் நெருக்கமும் போதும். புளித்த மோரைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து ஆரம்பத்திலேயே அடித்தால் கட்டுப்படும். முற்றிவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். அதையும் வெயில் ஏறுவதற்குள் அடித்துவிட வேண்டும்.

மாமி வீட்டுத் தென்னைக்கு வருகிறேன். அந்த ஆண்டு மழை வந்ததும் ஈ தானாகவே குறைந்தது, எப்போதும் அப்படித்தான். மாசி பிறந்து வறட்சி தொடங்கினால் மறுபடி ஏறும். அதற்குமுன் செய்யவேண்டிய வேலைகளை மாமியின் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்தேன். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் மஞ்சள் பாலிதீன் தாள், இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்தில் கட்ட வேண்டும். ஈக்கள் மஞ்சளுக்கு வந்து ஒட்டும். வாரம் ஒருமுறை துடைத்து மறுபடி தடவ வேண்டும். ஈ குறைந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல குளவியும் ஒட்டிச் சாகும். மரம் ஏறுகிறவர் வரும்போது ஓலையின் அடிப்பக்கம் படும்படி மோட்டார் குழாயால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். தென்னையடியில் கல்வாழை நட வேண்டும், என்கார்சியா அதில் தங்கிப் பெருகும். பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் இதையே செய்தால்தான் பலன். மாமி அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டார். இப்போது அந்தத் தெருவில் நான்கு காம்பவுண்டுகளில் கல்வாழை நிற்கிறது, மாசியில் மஞ்சள் தாள் கட்ட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.